முன்நிலை: மொட்டை

இந்த அம்மா சொல்வது சரி என்றால், ஒன்பது வருடமாக நான் எதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்?

யூனிஸ் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டு, வெளியே "சரிங்க மேடம்" என்று சொல்வதில் அவளுக்கு அறுபத்தோரு வருடப் பழக்கம். மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்ப்புறப் பசுங்கூரை மேம்பாட்டுக் கழகத்தின் மண்டல உதவி இயக்குநர் அபிதகுஜாம்பாள் உட்கார்ந்திருந்தார். யூனிஸின் விண்ணப்பத்தை அவர் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. மின்விசிறி யூனிஸ் பக்கம் திரும்பாததைக் கவனித்து, எழுந்து வந்து அதைத் திருப்பி வைத்தவர்தான்.

"மாடியில செடி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா."

"ஆமாங்க மேடம். கத்தரி, வெண்டை, கீரை, அவரைப் பந்தல் ஒண்ணு. அறுபத்திநாலு தொட்டி."

"அப்ப அது மொட்டை மாடி இல்லையே."

யூனிஸ் விழித்தாள்.

"திட்டத்தோட பேரைப் பாருங்க. 'மொட்டை மாடிப் பசுமையாக்கத் திட்டம்'. மொட்டை மாடியைத்தானே பசுமையாக்க முடியும்? தலை நிறைய முடி வச்சுக்கிட்டு முடி நடுற ஆஸ்பத்திரிக்கு யாராவது போவாங்களா?"

"அப்ப எங்க மாடி என்ன மாடிங்க மேடம்?"

"அதுக்கு இன்னும் பேர் வைக்கலை. கமிட்டி போட்டிருக்கோம். முதல் கூட்டத்துல டீ வரைக்கும் வந்திருக்கு."

யூனிஸுக்குத் திட்டத்திலிருந்து எதுவும் தேவையில்லை. மண் வேண்டாம், விதை வேண்டாம், மானியம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். 'இன்ன முகவரியில் உள்ள மாடித் தோட்டம் அங்கீகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி, கீழே ஒரு முத்திரை. அதைக் கொண்டுபோய்ப் பாலுவிடம் காட்ட வேண்டும்.

பாலு, சிட்லபாக்கத்தில் யூனிஸும் கணவர் ஜோனத்தானும் குடியிருக்கும் எமரால்டு ஃபிளாட்ஸின் செயலாளர். எட்டு வீடு, மூன்று மாடி, மஞ்சள் பெயின்ட். மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் யூனிஸும் பாலுவும். பாலு வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் இறங்கியது. வந்து பார்த்த பிளம்பர், "பைப்பு வுட்டுப்போச்சு சார்" என்றார். பாலு கூட்டம் போட்டு, தொட்டிகளால்தான் ஒழுகுகிறது என்றார். பிளம்பர் சொன்னதை யூனிஸ் மெதுவாக நினைவுபடுத்தியபோது, "பைப்பை உடைச்சு மாத்தணும்னா சுவரை இடிக்கணும் சிஸ்டர். செடியை எடுக்கறதுன்னா சும்மா எடுத்துடலாம் இல்ல?" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாடியில் ஷட்டில் கோர்ட் போடலாம் என்று யாரோ ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் பாலுவே ஒரு வழியும் காட்டினார்: "பொங்கலுக்குள்ள கவர்மென்ட் சர்டிபிகேட் கொண்டாங்க. அது இருந்தா ஒருத்தன் கை வைக்க மாட்டான். இல்லைன்னா மாடி பொதுவுக்கு."

அப்படித்தான் அவள் சானடோரியம் பகுதியில், ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வெளியே வந்தபோது, வரவேற்பறையில் ஒரு அம்மாள் வரிசையாக இருந்த பிளாஸ்டிக் செடிகளுக்குச் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் தட்டு. ஊற்றியது தட்டில் வழிந்தது. தட்டிலிருந்ததை அவள் வாளியில் கொட்டிக்கொண்டாள். சுவரில் நூல் கட்டித் தொங்கிய பதிவேட்டில் 'பாசனம்: காலை, மாலை' என்று இரண்டு கட்டங்கள்.

"இது பிளாஸ்டிக் இல்லையா?" என்றாள் யூனிஸ்.

"ஆமா. இன்னா பண்றது? ஊத்தலைன்னா நோட்டுல கையெழுத்து கெடைக்காது. கையெழுத்து இல்லைன்னா சம்பளம் கெடைக்காது." அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐயே, நீ அந்த ஸ்கூலு ஆபீஸ் அம்மா தானே? நான் கிளியம்மா. எம்பொண்ணு டி.சி.க்கு என்னை நாலு நடை நடக்க வுட்டியே!"

யூனிஸுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. கிளியம்மாளின் குரலில் வருத்தமே இல்லை.

"ஏன் நாலு தடவை?"

"அத்த யாரு கண்டா? ஒரு வாட்டி அப்பன் கையெழுத்து, ஒரு வாட்டி ஏதோ ரசீது. அப்பால குடுத்துட்டே, சும்மா சொல்லக்கூடாது. நல்ல பொண்ணுன்னு வேற எழுதிக் குடுத்தே."

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எழுதினாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் தட்டியவள் அவள். 'நன்னடத்தை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று போட வேண்டும். காம்பஸால் இன்னொருவன் கையைக் குத்தியவனுக்கும் நன்று. ஒரு வருடம் முழுக்க வாயே திறக்காமல், ஏன் என்று யாரும் கேட்காமல் போய்ச் சேர்ந்தவளுக்கும் நன்று. வேறு எதையாவது போட்டால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் வரும். அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அன்றைக்கு நாற்பத்தைந்து 'நன்று' தட்டிவிட்டு வந்தவள், காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். உடைந்த வாளி ஒன்றில், யாரோ வீசிய தக்காளி முளைத்திருந்தது. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தோட்டம் அப்படித்தான் தொடங்கியது. கத்தரி காய்த்தால் காய்த்தது, பூச்சி விழுந்தால் விழுந்தது. அதன் மேல் 'நன்று' என்று எழுதி ஒட்டினாலும் பூச்சி போகாது. அந்த ஒரு விஷயத்துக்காகவே தினமும் மாடி ஏறினாள். ஜோனத்தானுக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அபிதகுஜாம்பாள் அவளைக் கைவிட்டுவிடவில்லை. திட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது: 'ஏற்கெனவே பசுமை'. மாடியின் பரப்பில் அறுபது சதவீதம் பச்சை இருந்தால், மொட்டையாக இல்லாவிட்டாலும் மன்னித்துச் சான்றிதழ் தருவார்கள். அதை அளக்க செப்டம்பரில் களமதிப்பீட்டாளர் உதயா ஒரு டிரோனோடு வந்தார். நாற்பது வயது, நல்ல தொந்தி, அடக்கமான பேச்சு. டிரோன் காக்கைகளுக்கு நடுவே ஏறி, இரண்டு சுற்று சுற்றி இறங்கியது. உதயா கையிலிருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முப்பத்தொண்ணுதான் ஆன்ட்டி காட்டுது."

"அறுபத்திநாலு தொட்டி இருக்குதே சார்?"

"இருக்கு. ஆனா கத்தரிக்காய் ஊதா. இது பச்சையைத்தான் எண்ணும். அந்தக் கீரை சிவப்பு. அவரை பூ வச்சிருக்கு, அதுவும் ஊதா. பூசணி பூத்தது உங்க கெட்ட நேரம். மஞ்சள் எல்லாத்தையும் கழிச்சிடும்."

"காய்க்காம இருந்தா?"

"இன்னும் நல்ல மார்க் வந்திருக்கும்." உதயா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த மூலையில மட்டும் ஃபுல் பச்சை, பாருங்க. நாலு பெர்சன்ட் இதுவே குடுத்திருக்கு. என்ன செடி ஆன்ட்டி இது?"

யூனிஸ் எட்டிப் பார்த்தாள். "அது அவரோட லுங்கி."

கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜோனத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருந்தவர். எதற்கும் அதிர்ச்சி அடைவதில்லை. "உள்ள இன்னும் மூணு இருக்கு சார். எல்லாம் பச்சைதான். கொண்டாந்து காயப்போடவா?"

உதயா சிரிக்கவில்லை. யோசித்தார். "இனிமே முடியாது சார். ஒரு தடவை அளந்தா அளந்ததுதான்."

ஆகவே யூனிஸின் மாடி பசுமையும் இல்லை, மொட்டையும் இல்லை என்று எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. கடிதத்தின் அடியில் அபிதகுஜாம்பாள் தன் கைப்படவே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இரண்டில் ஒன்றாக ஆகிவிட்டு வரவும்.'

அறுபது ஆக வழியில்லை. மொட்டை ஆகலாம். யூனிஸ் மறுபடி சானடோரியம் போனாள்.

"ஒரே ஒரு நாள்தான்மா. தொட்டியை எல்லாம் கீழ இறக்கி வைங்க. நம்ம ஆள் வந்து 'முன்' படம் எடுத்துட்டுப் போயிடுவார். அப்புறம் நாங்க பசுமையாக்குவோம். 'பின்' படம் எடுப்போம். சர்டிபிகேட் உங்க கையில. உங்க செடியையும் மேல ஏத்திக்கலாம். எங்களுக்கும் கணக்கு முடிஞ்சிடும், உங்களுக்கும் காரியம் முடிஞ்சிடும்."

அபிதகுஜாம்பாள் சொன்ன விதத்தில் ஒரு பரிவு இருந்தது. யூனிஸுக்கு அந்தப் பரிவு தெரிந்த பரிவு. 'அப்பா கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்கம்மா, உடனே முடிஞ்சிடும்' என்று அவளும் அந்தக் குரலில்தான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவளால் இந்த அம்மாவை வெறுக்க முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவளும் ஜோனத்தானும் அறுபத்து மூன்று தொட்டிகளைப் படிக்கட்டுக்கு இறக்கினார்கள். ஒரு ஓரமாக மட்டும், இரண்டு பேர் நடக்க இடம் விட்டு வைக்கலாம் என்று பாலு அனுமதி தந்தார். அறுபத்திநாலாவது, அவரை. நீல டிரம்மில் வேரோடி, பந்தல் முழுக்கப் படர்ந்து மூன்று வருடம் ஆன கொடி. அது இறங்காது. யூனிஸ் மீன் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து அடித்தண்டில் வைத்தாள். ஒரு நாளுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள். அறுத்த கொடி ஒரு நாளுக்கு மட்டும் அறுபட்டு இருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கொடியிலிருந்த காயை எல்லாம் பறித்துப் பொரியல் செய்தாள். அன்று இருவரும் ரசத்தோடு முடித்துக்கொண்டார்கள். பொரியல் அப்படியே இருந்தது.

படமெடுப்பவர் அந்தச் சனிக்கிழமை வரவில்லை. திங்கள் விடுமுறை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்ற வாரத்தில், கழகத்தின் கேமரா வேறு மண்டலத்துக்குப் போயிருந்தது. படமெடுப்பவர் பத்தொன்பதாவது நாள்தான் வந்தார். படிக்கட்டில் வெயிலே படாது. கீரை முதலில் போனது, பிறகு வெண்டை. கத்தரி வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு காலையில் பால்காரரின் கால் பட்டுச் சாய்ந்தது. "ஏன்க்கா, மாடியில நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவர் கேட்டார். அரசாங்கத்தில் இதைப் பசுமையாக்குகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றாள்.

'முன்' படம் திரும்பி வந்தது. அதில் ஒரு மூலையில் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'மொட்டை முழுமையடையவில்லை' என்று எழுதியிருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தாள். மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில், பாசியில், ஒரு தக்காளி நாற்று. விரல் உயரம்கூட இல்லை. டிரோன் தவறவிட்ட பச்சையை எல்லாம் விட்டுவிட்டு, இதைக் கண்டுபிடித்தவர் எப்படிப்பட்ட கண்ணுக்காரராக இருக்க வேண்டும் என்று யூனிஸ் உண்மையிலேயே வியந்தாள். உட்கார்ந்து, அதைப் பிடுங்கினாள். சாயங்காலம் கை கழுவிய பிறகும் விரலில் தக்காளி வாசம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அதே வாசம். இதை யார் செய்யச் சொன்னார்கள், நானா, அவர்களா? இரவுச் சாப்பாடு வரைக்கும் அவளுக்கு விடை தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. அதனால் சாப்பிடவில்லை.

டிசம்பரில் பசுமை வந்தது. ஒரு வேனில் முப்பது பச்சை நிறப் பைகள், மடித்துக் கட்டி.

"மண் எங்க சார்?" என்றாள் உதயாவிடம்.

"மண் வேற துறை ஆன்ட்டி."

"விதை?"

"விதையும் வேற துறை. நாங்க கூரை."

பைகளில் பழைய செய்தித்தாளைத் திணித்து நிற்க வைத்தார்கள். ஒரு காற்றில் பன்னிரண்டு பை பாலுவின் பால்கனிக்கும் பக்கத்துக் காலி மனைக்கும் பறந்தன. பாலு புகார் எழுதினார். கழகம் அவசரக் கூட்டம் நடத்தி, பறக்காத பசுமை வேண்டும் என்று முடிவு செய்தது. மறுவாரம் இரண்டு பேர் வந்து, மாடி முழுக்கச் செயற்கைப் புல் விரிப்பைப் பசை போட்டு ஒட்டினார்கள். டிரோன் மறுபடி ஏறி இறங்கியது.

"நூறு!" என்றார் உதயா. அவர் முகத்தில் முதன்முறையாகச் சந்தோஷம். "மாநிலத்துலயே ஃபர்ஸ்ட் ஆன்ட்டி!"

படிக்கட்டில் அப்போது ஆறு தொட்டி உயிரோடு இருந்தது. இரண்டு கறிவேப்பிலை, ஒரு கற்றாழை, ஒரு பிரண்டை, துளிர்க்கலாம் போலிருந்த ஒரு கத்தரி, பெயர் தெரியாத ஒன்று.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு விழா. புல் விரிப்பின் மேல் பந்தல், நாற்காலிகள், மைக். எட்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். கழகத் தலைவர் வேதசிரோமணி மூன்று மாடியும் ஏறி வந்த மூச்சு அடங்கியதும் பேசினார்.

"நண்பர்களே! இந்தப் பசுமைக்குத் தண்ணீர் தேவையில்லை. இது வெயிலில் வாடாது. பூச்சி அண்டாது. காய்க்கிற தொல்லை கிடையாது. இயற்கைக்கு எத்தனையோ கோடி ஆண்டு அவகாசம் இருந்தும் செய்ய முடியாமல் போனதை, எங்கள் கழகம் மூன்றே வாரத்தில் செய்து காட்டியிருக்கிறது!"

பாலு முதலில் கைதட்டினார். பிறகு அபிதகுஜாம்பாள் அறிக்கை வாசித்தார். "இந்த நிதியாண்டில் நம் மண்டலத்தில் நூற்றுப் பன்னிரண்டு மாடிகளை வெற்றிகரமாக மொட்டையாக்கியிருக்கிறோம். அதில் ஒரு மாடியைப் பசுமையாக்கியும் விட்டோம். மீதமுள்ளவை நிதி வந்ததும் எடுத்துக்கொள்ளப்படும்."

அதன் பிறகு தலைவர் பித்தளைப் பூவாளியால் புல் விரிப்புக்குத் தண்ணீர் தெளித்தார். இதற்காகவே அழைத்து வரப்பட்டிருந்த கிளியம்மாள் பதிவேட்டை நீட்டினாள். அவர் 'காலை' கட்டத்தில் கையெழுத்திட்டார். கிளியம்மாள் யூனிஸைத் தாண்டிப் போகும்போது தாழ்ந்த குரலில், "இந்த வூட்டாண்டயும் இனிமே நான்தான் வந்து ஊத்தணுமாம். ரெண்டு பஸ்ஸு மாறணும்" என்றாள்.

கடைசி நிகழ்ச்சி, பயனாளி உரை. யூனிஸை மேடை மேஜைக்கு அழைத்தார்கள். சான்றிதழ் தயாராக இருந்தது. கண்ணாடிச் சட்டம், முத்திரை, எல்லாம். அதன் மேல் தலைவர் கை வைத்திருந்தார். அவள் முன்னால் ஒரு காகிதம். மைக்கில் வாசித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

'முன்நிலை: மொட்டை. என் மாடியில் இதற்கு முன் ஒரு செடியும் இருந்ததில்லை. எனக்குப் பசுமையை அறிமுகப்படுத்திய கழகத்துக்கு நன்றி.' அதன் கீழே புள்ளிக் கோடு.

தட்டெழுத்து நன்றாக இருந்தது. ஓரம் சரியாக விட்டிருந்தார்கள். இதைத் தட்டியவள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டிருப்பாள், அவள்மேல் குற்றமில்லை என்று யூனிஸ் நினைத்தாள்.

உதயா பின்னாலிருந்து அவள் காதருகே குனிந்தார். "போட்டுடுங்க ஆன்ட்டி. சர்டிபிகேட் கைக்கு வந்தா போதும். அந்த ஆறு தொட்டியை ஓரமா ஏத்திக்கோங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எதிரிலேயே இருந்தது. பாலு காலடியில் வெள்ளை பெயின்ட் டப்பா. ஷட்டில் கோர்ட்டுக்குக் கோடு போட.

அவள் குனிந்து, அபிதகுஜாம்பாளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அறுபத்திநாலு இருந்துச்சு மேடம்."

"இருந்துச்சுதான்மா. யாரு இல்லைன்னா?" அவரும் அதே தாழ்ந்த குரலில், அதே பரிவோடு சொன்னார். "ஆனா இல்லைன்னு நீங்க எழுதினாத்தான், இருக்குன்னு நாங்க எழுத முடியும்."

அதில் பிழையே இல்லை. முப்பத்தோரு வருடம் அவள் இருந்த அலுவலகமும் அப்படித்தான் நடந்தது. ஒரு வார்த்தை. எழுதினால் ஆறு தொட்டி மேலே போகும். அந்தக் கத்தரி துளிர்த்தாலும் துளிர்க்கும். பேனாவைத் திறந்தாள். முனை புள்ளிக் கோட்டுக்கு மேல் நின்றது. ஒரு வருடம் முழுக்க வாயே திறக்காமல் இருந்த அந்தப் பெண்ணின் பெயர் இப்போது ஞாபகம் வந்துவிடும் போல இருந்தது. வரவில்லை.

"அம்மாவுக்கு ஆனந்தத்துல வார்த்தை வரலை" என்றார் தலைவர் மைக்கில். எல்லோரும் சிரித்தார்கள். ஜோனத்தான் மட்டும் சிரிக்காமல், பின்வரிசையில் எழுந்து நின்று அவளையே பார்த்தார்.

"வாசிக்கக்கூட வேணாம்மா," என்றார் அபிதகுஜாம்பாள். "கையெழுத்து மட்டும்."

"வேண்டாம் மேடம்" என்றாள் யூனிஸ்.

காகிதத்தைத் திருப்பி, அவர் பக்கம் நேராக வரும்படி நகர்த்தினாள். பேனாவின் மூடியைப் போட்டாள். அந்தச் சின்ன 'டக்' சத்தம் மைக்கில் ஏறி, எட்டு வீட்டுக்கும் கேட்டது.